யன்னல் போடாத வீடு

கல்லடி, மட்டக்களப்பு
சனிக்கிழமை இரவு

அன்புள்ள வசந்தி,

ஏழு மாதம். பொங்கலுக்கு நீ போட்ட வட்ஸ்அப்புக்குக்கூடப் பதில் போடவில்லை. ஏசுவதென்றால் இப்போதே ஏசி முடித்துவிட்டு, மறுகா மிச்சத்தை வாசி. இஞ்ச எல்லாரும் சுகம். மாமியின் முழங்கால் எப்படி? பெட்டி மிஸ்ஸைப் போன மாதம் சந்தையில் கண்டேன். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, உன்னைத்தான் விசாரித்தா. அவவுக்கு இன்றைக்கும் நீ கெட்டிக்காரி, நான் நீலக்குடைக்காரி.

சரி, விசயத்துக்கு வாறேன். சின்னவள் சீதன வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

எந்த வீடென்று உனக்குத் தெரியும், அத்திவாரம் போட்டபோது நீதான் போனில் அழுதாய். 2019இல் தொடங்கியது, கொரோனாவுக்குள் நின்றது, பிறகு 2022இல் சீமெந்து மூட்டை 3,000 ரூபாயைத் தாண்டியபோது மேசனும் போய்விட்டார். சுவரும் கூரையும் இருக்கிறது, யன்னல் இல்லை, நிலம் மண். இதற்காகச் சம்பளத்தில் ஒரு கடன், நகையில் ஒரு கடன், மூன்று சீட்டு, பள்ளிக்கூடம் விட்டு வந்து இரவு எட்டு மணி மட்டும் ரியூசன். என்னோடு படிப்பிக்கிற காத்தான்குடி டீச்சருக்கும் இதே பாடுதான், அவவுக்கு மூன்று பெண்பிள்ளைகள், மூன்று வீடு. இரண்டு பேரும் இடைவேளையில் வட்டிக் கணக்குத்தான் கதைப்போம், பிள்ளைகளின் கொப்பி திருத்தாமல் கிடக்கும்.

சித்திரை வருசத்துக்குச் சின்னவள் கொழும்பிலிருந்து வந்தாள். டைல்ஸ் துண்டு இரண்டைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த நிறம் பிடிச்சிருக்கு என்று கேட்டேன். துண்டைப் பார்க்கவே இல்லை. "அம்மா, இந்த வீடு ஆருக்கு?" என்றாள். உனக்குத்தானே என்றேன். "எனக்கு வேலை கொழும்பில, இருக்கப்போறதும் அங்கதான். வீடு கேட்டு வாறவனை நான் கட்டவும் மாட்டன்." அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. போகிற போக்கில், "நீங்களும் அப்பாவும் இருங்களன் இதில" என்று ஒரு வார்த்தை சொன்னாள் பார்.

எனக்கு வந்த கோபம்! ஏனென்றே தெரியவில்லை. குசினிக்குள் போய்த் தேவையில்லாமல் இரண்டு தேங்காய் திருவி வைத்தேன். அடுத்த நாள் முழுக்க எல்லாருக்கும் சொதி.

மறுகா நாலு இரவு நித்திரை இல்லை. உன் மனிசன் ஒருக்கால் விளக்கினாரே, தாய்வழியில் சொத்துப் போகிற நம்மட பழைய முக்குவர் சட்டம் வெள்ளைக்காரன் காலத்தில், 1876இலேயே போய்விட்டதென்று. சட்டம் போய் நூற்றைம்பது வருசமாகிறது, நான் அதற்கு இன்னும் தவணைப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஆருக்காக? கேட்ட பிள்ளை இல்லை, மாப்பிள்ளை என்று ஒருவன் இன்னும் வரவே இல்லை. யோசித்துக்கொண்டு போனால் அம்மாவில்தான் வந்து நிற்கிறது.

78 சூறாவளி நினைவிருக்குமே, நவம்பர் 23, நீங்கள் கோயில் மண்டபத்தில், நாங்கள் கட்டிலுக்குக் கீழே. அன்றைக்குப் பறந்த கூரையை அம்மா எத்தனை வருசமாக ஓடு ஓடாகச் சேர்த்துப் போட்டா. எனக்குக் கலியாணம் முடிந்த கிழமையே அந்த வீட்டை என் கையில் தந்துவிட்டுப் பின்வளவுக் குசினிக்குப் போய்விட்டா. அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பாய், தலைமாட்டில் அந்தத் தகரப்பெட்டி. மழைக்கு ஒழுகுதா என்று நான் ஒருநாள்கூடக் கேட்கவில்லை, வசந்தி. கேட்க வேண்டுமென்று தோன்றவே இல்லை, நல்ல தாய் என்றால் குசினியில்தானே இருப்பா என்று ஒருவரும் சொல்லித் தராமலே நம்பியிருந்தேன். மூத்தவளின் கலியாணத்துக்குப் பிறகு அதே இடத்தில் இரண்டு அறை இறக்கி நானும் போய்ப் படுத்தேன். அதில் ஒரு பெருமையும் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. அந்தப் பெருமையைத்தான் சின்னவள் தட்டிவிட்டாள் போல, அதுதான் அவ்வளவு கோபம்.

புதிதாக வந்த டீச்சர் ஒருத்தி, சாமான் குறைத்தால் மனம் லேசாகும் என்று சொன்னா. நானும் அலுமாரியை ஒதுக்கினேன். நாலு சாரி, ஒரு உடைந்த டோர்ச், அவ்வளவுதான் வெளியே போனது. சீட்டுக் கொப்பி அலுமாரிக்கு மேலே இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த கிழமை இரண்டு சீட்டிலிருந்து விலகினேன், மூன்றாவது நான் பிடிக்கிற சீட்டு, முடியும் வரை ஓட வேண்டும். சனி ஞாயிறு ரியூசனையும் நிறுத்திவிட்டேன். ஊர் என்ன சொல்லும் என்று கேட்பாய். சொல்லத் தொடங்கிவிட்டது. "கடைசிப் பிள்ளைக்கு வெறுங்கை" என்று நம்மட குண்டு மாமி கோயிலில் என் காதுபடவே சொன்னா. முந்தியென்றால் அன்றைக்கே இன்னொரு கடன் எடுத்திருப்பேன்.

இவர்தான் பாவம். கோபமுமில்லை, கதையுமில்லை. பின்னேரமானால் அங்கே போய், இறுகிப்போன சீமெந்து மூட்டையில் குந்திக்கொண்டு சுவரைப் பார்ப்பார். போன பறுவ நிலவுக்கு இழுத்துக்கொண்டு பாலத்தடிக்குப் போய்த் தோணியில் ஏற்றினேன், இத்தனை வருசம் இங்கே இருந்தும் வாவிக்குள் மீன் பாடுகிறதைக் கேட்டதில்லையே என்று. துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மற்ற நுனியைக் காதில் வைத்தார், கனநேரம் வைத்திருந்தார். "ஓட்டோச் சத்தம்தான் கேட்குது" என்றார். ஆனால் வரும்போது, கிழக்குப் பக்க அறைக்குத்தான் கடல்காத்து வரும் என்று தானாகவே சொன்னார். நான் வாயே திறக்கவில்லை.

ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயில் குளத்தில் தீர்த்தமாட வருவதாக ஒவ்வொரு வருசமும் புளுகுகிறாய். இந்த முறையாவது வா. ஹோட்டல் கீட்டல் என்று கதைத்தால் தெரியும். அந்தக் கிழக்கு அறையில்தான் படுக்கை. யன்னலுக்குச் சாக்குக் கட்டிவிடுகிறேன், நுளம்புவலை மட்டும் நீ கொண்டுவா.

இப்படிக்கு,
நீலக்குடைக்காரி