கையை எப்போது எடுப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

சிறப்புப் பள்ளியில் தன்னார்வலராகச் சேர வருவோர் பலர் முதலில் கேட்பது, "என்ன வாங்கி வரட்டும்?" என்றுதான். பள்ளிக்கு வேண்டியது பொருளைவிட நேரம். அதுவும் தவறாத நேரம். வாரத்தில் ஒரே கிழமை, 2 மணி நேரம், குறைந்தது 3 மாதம் வருபவர், நினைத்தபோது முழுநாள் வந்து நிற்பவரைவிடப் பயன்படுவார். ஆட்டிசம் உள்ள பிள்ளை புதுமுகத்துக்குப் பழகவே பல வாரம் ஆகலாம். பழகியதும் அந்த ஆள் காணாமல் போனால், வகுப்பாசிரியர் பழையபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

உதவாமல் இருந்து கெடுப்பவர்கள் குறைவு. அதிகம் உதவிக் கெடுப்பவர்களே ஏராளம். சட்டைப் பொத்தான் போட 10 நிமிடம் எடுக்கும் பிள்ளைக்கு நாம் அரை நிமிடத்தில் போட்டுவிடுகிறோம். மறுநாள் அது கையைத் தொங்கவிட்டு நிற்கிறது.

இத்தகைய வேலைகளைக் கடைசிப் படியிலிருந்து பழக்குவது நல்ல முறை. காலுறையை எடுத்துக்கொள்வோம். விரல்களை நுழைப்பது, பாதம்வரை இழுப்பது, குதிகாலைத் தாண்டவைப்பது, கணுக்காலுக்கு மேல் ஏற்றுவது என 4 படிகள். முதல் மூன்றையும் நாம் செய்து, கடைசி இழுப்பை மட்டும் பிள்ளைக்கு விட வேண்டும். வேலையை முடித்த மகிழ்ச்சி அதற்கே கிடைக்கும். அது கைவந்தபின் குதிகால் படியையும் விடலாம். பெரும்பாலும் சிக்குவது அங்கேதான். சற்றுப் பெரிய, தொளதொளத்த காலுறையில் பழக்கினால் எளிது. நம் உதவியும் கையோடு கைபிடித்துச் செய்விப்பதில் தொடங்கி, மணிக்கட்டைத் தாங்குவது, முழங்கையைத் தொடுவது, விரலால் சுட்டுவது, பிறகு சும்மா இருப்பது என இறங்கிவர வேண்டும். சும்மா இருப்பதுதான் பலருக்கு முடிவதில்லை.

பேச்சிலும் அப்படியே. கேள்வி கேட்டுவிட்டு மனத்துக்குள் 10 வரை எண்ணுங்கள். பொறுக்காமல் அதையே வேறு சொற்களில் கேட்டால், பிள்ளை அதைப் புதிதாகப் புரிந்துகொள்ளத் தொடங்க வேண்டியிருக்கும்.

மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்கு ஊட்டும் பொறுப்பைப் பயிற்சி இல்லாதவர் ஏற்கவே கூடாது. நின்றுகொண்டு ஊட்டினால் பிள்ளை அண்ணாந்து பார்க்கும். உணவு மூச்சுக்குழாயில் இறங்கிவிடலாம். ஊட்டுபவர் பிள்ளையின் கண்மட்டத்தில் உட்கார வேண்டும். பிள்ளை நிமிர்ந்து, முகவாய் சற்றே தாழ்ந்திருக்க வேண்டும். ஒரு வாய் விழுங்கியது தெரிந்த பிறகே அடுத்த வாய். தண்ணீர்தானே என்று அலட்சியம் வேண்டாம். விழுங்கச் சிரமப்படும் சில பிள்ளைகளுக்குக் கெட்டியான உணவைவிட, வேகமாக ஓடும் தண்ணீரே ஆபத்து.

சக்கர நாற்காலியை நிறுத்தியதும் இரண்டு பிரேக்கையும் போடுங்கள். கால்தாங்கியை மடக்காமல் அதன்மேல் மிதித்து இறங்கினால் வண்டி முன்பக்கம் கவிழலாம். உட்கார்ந்திருப்பவர் கை வைக்கும் பக்கச் சட்டத்தைப் பிடித்து வண்டியைத் தூக்காதீர்கள். பல வண்டிகளில் அது கழன்று வரும். செங்குத்துச் சரிவில் பின்பக்கமாகவே இறக்க வேண்டும். உட்கார்ந்திருப்பவரைக் கேட்காமல் தள்ளுவது, நடப்பவரைப் பிடித்து இழுப்பதற்குச் சமம். பார்வையற்ற மாணவரையும் அப்படி இழுக்க வேண்டாம். உங்கள் முழங்கைக்கு மேல் அவர் பிடித்துக்கொண்டு சற்றுப் பின்னால் வரட்டும்.

வலிப்பு வந்தால் கடிகாரத்தைப் பாருங்கள். தலைக்கடியில் மெத்தென ஏதாவது வைத்து, ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாயில் எதையும் நுழைக்காதீர்கள், கைகால்களை அழுத்தியும் பிடிக்காதீர்கள். 5 நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ்.

பள்ளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். எந்தப் பிள்ளைக்கு எந்த உணவு ஆகாது, யாருக்கு வலிப்பு வரும், யார் கதவு திறந்திருந்தால் ஓடிவிடுவார், எந்த ஓசை யாருக்குப் பொறுக்காது என்பதை ஒரே பக்கத்தில் எழுதி, வகுப்புக்குள் நுழையுமுன் தன்னார்வலரைப் படிக்கச் செய்யுங்கள். அந்தத் தாள் வெளியே போகக் கூடாது. கழிவறைக்கு அழைத்துச் செல்லும் வேலையைப் பணியாளர்களிடமே விடுங்கள்.

இப்படிக்கு,
சிறப்புக் கல்வி ஆசிரியர் ஒருவர்