கொல்கத்தாவில் எத்தனை மணிக்கு ராகு காலம்?

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. சொந்த வீடு என்று படித்ததும் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போய் வந்தோம், கூட்டம் சொல்லி மாளாது.

சரி, கிரகப்பிரவேச விஷயத்துக்கு வருகிறேன். ஆவணியில் ஒரு திங்கட்கிழமை, ஏழரைக்கு ராகு காலம் தொடங்குமுன் ஏழேகாலுக்குப் பால் காய்ச்சிவிடலாம் என்று எழுதியிருக்கிறாய். நம் ஊர் தினசரி காலண்டரைத்தானே பார்த்தாய்? ஆறு மணிக்கு உதயம், ஆறு மணிக்கு அஸ்தமனம் என்று வைத்துக்கொண்டு, பகலை எட்டாகப் பங்கிட்டு, ஒன்றரை மணி நேரம் என அதில் அச்சடித்துவிடுகிறார்கள். முறைப்படி அந்தந்த ஊரின் உதயத்திலிருந்து அஸ்தமனம் வரைக்கும்தான் எட்டாகப் பிரிக்க வேண்டும். திங்களுக்கு இரண்டாவது பங்கு ராகுவுக்கு. தர்மபுரியில் ஆவணி உதயம் ஆறு மணியை ஒட்டியே இருப்பதால் காலண்டரை நம்பலாம். உங்கள் ஊரில் ஐந்தேகாலுக்கே விடிந்துவிடுகிறதே! அங்கே ஏழு மணிக்கு முன்பே ராகு காலம் பிறந்து, எட்டரைக்குள் முடிந்துவிடும். பார்ப்பதென்றால் சரியாகப் பார். ஆறேகாலுக்கே பாலைப் பொங்கவிடு.

அன்று அஷ்டமி என்று உன் மாமனார் அந்தத் தேதியையே தள்ளுகிறாராம். எத்தனை மணிக்கு அஷ்டமி பிறக்கிறது என்று கேட்டாயா? சந்திரன் சூரியனை விட்டு 12 பாகை விலகினால் ஒரு திதி. அதன் வேகம் கூடிக் குறைவதால் சில திதி சுமார் 20 மணி நேரத்தில் ஓடிவிடும், சிலது 26 மணி வரை இழுக்கும். நள்ளிரவில்தான் மாற வேண்டும் என்று அதற்கு என்ன கட்டாயம்? மதியம்தான் அஷ்டமி என்றால், காலையில் சப்தமி, தாராளமாகச் செய்யலாம். ராகு காலம் போல இது ஊருக்கு ஊர் மாறாது, உங்களுக்கும் எங்களுக்கும் ஒரே நொடியில்தான் பிறக்கும். ஆனால் அவர் கையில் இருப்பது வாக்கியப் பஞ்சாங்கமா, திருக்கணிதப் பஞ்சாங்கமா என்று பார்த்துக்கொள். வாக்கியத்தின் பழைய வாய்பாட்டுக் கணக்குக்கும் திருக்கணிதம் காட்டும் வானத்து நிலவரத்துக்கும் சில மணி நேரம் வித்தியாசம் வருவதுண்டு.

எனக்கு அஷ்டமி மேல் கொஞ்சம் பரிவுதான். நல்ல காரியத்துக்கு ஆகாது என்று எல்லோரும் ஒதுக்குகிறார்கள். ஆனால் தேய்பிறை அஷ்டமியன்று அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலில் கால் வைக்க இடமில்லை. சாம்பல் பூசணியை இரண்டாகப் பிளந்து, உள்ளே வழித்தெடுத்து, எண்ணெய் ஊற்றித் திரி போட்டு வரிசையாக ஏற்றியிருந்தார்கள். எண்ணெய் வழிந்த தரையில் வழுக்காமல் நடந்து வெளியே வருவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

அப்புறம், திங்களன்று கிழக்கே சூலம், அந்தத் திசையில் பயணம் ஆகாது என்று அம்மா பரிகாரத்துக்கு இப்போதே தயிருக்குச் சொல்லிவைத்துவிட்டாள். ஞாயிறே அங்கே வந்து சேர்ந்துவிடுவோம் என்றாலும் கேட்பதாயில்லை. மாமனாரிடம் பேசி இந்த வாரமே தேதியை முடிவு செய். முகூர்த்த மாதம், ரயிலில் டிக்கெட் கிடைப்பது கஷ்டம்.

அன்புடன்,
குமரேசன்
தர்மபுரி