ஊர்ப் பெயரைக் கணினி ஊகிக்கலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

காரைக்குடியில் பல ஆண்டுகளாகத் தரவுத்தளப் பாடம் நடத்திவருகிறேன். சென்ற ஆண்டு ஓர் அலுவலகத்தில் என் தாயாரின் உதவித்தொகை விண்ணப்பத்தைக் கணினியில் ஏற்றியவர், அதில் எழுதியிருந்த கானாடுகாத்தான் என்ற ஊர்ப் பெயரைத் தட்டச்சு செய்யாமல் விட்டுவிட்டார். ஊர்ப் பெயருக்கான நெடுவரிசைக்கு முன்னிருப்பு மதிப்பாக, அதாவது எதுவும் தராதபோது கணினி தானே நிரப்பும் மதிப்பாக, காரைக்குடி என்று வைத்திருந்ததால் அதுவே பதிவில் ஏறி, மூன்று மாதக் கடிதங்கள் தாயாரின் கைக்கு வரவில்லை. கட்டம் வெறுமையாக இருந்திருந்தால் சரிபார்த்தவர் கண்ணில் பட்டிருக்கும்.

பர்மாவில் ஒரு செட்டியார் கடையில் அடுத்தாளாக (உதவியாளராக) இருந்த என் பாட்டனார், ஊர் தெரியாத ஆசாமியின் பற்றுக்குப் பேரேட்டில் இடம் விட்டுவைப்பாரே தவிர, கடை இருக்கும் ஊரை எழுதிவிட மாட்டார். பதிவு நேரம், 'புதிய விண்ணப்பம்' என்ற நிலை போன்று கணினிக்கே உறுதியாகத் தெரிந்தவற்றுக்குத்தான் முன்னிருப்பு தகும்.

தகும் இடத்திலும் அது தவறிப்போவதுண்டு. தரவுத்தளங்களுக்கான எஸ்.க்யூ.எல். மொழியில், புதிய பதிவைச் சேர்க்கும் இன்சர்ட் கட்டளையில் நெடுவரிசையின் பெயரைக் குறிப்பிடாமல் விட்டாலோ, மதிப்பு வரவேண்டிய இடத்தில் டிஃபால்ட் என்ற சொல்லை எழுதினாலோ முன்னிருப்பு பதிவில் சேரும். மதிப்பு இல்லை என்பதைக் குறிக்கும் 'நல்'லை நாமே அனுப்பினால், பொதுவாக அது சேராது. நிரப்பாத கட்டங்களையெல்லாம் 'நல்' ஆக்கி மொத்தமாக அனுப்பும் நிரல்களில், பதிவு நேரத்துக்கு முறையாக வைத்த முன்னிருப்பும் வீணாகி, யார் முதலில் விண்ணப்பித்தார் என்பதே தெரியாமல் போகிறது. ஆரக்கிள் நிறுவனம் 2013இல் தன் தரவுத்தளத்தின் 12சி பதிப்பில், 'நல்' வந்தாலும் முன்னிருப்பையே சேர்க்கும் 'டிஃபால்ட் ஆன் நல்' என்ற வசதியை இதற்கென்றே கொண்டுவந்தது. எல்லாத் தரவுத்தளங்களிலும் அது கிடைப்பதில்லை.

ஊருக்கான முன்னிருப்பை நீக்கி, 'நல்'லை அனுமதிக்காத 'நாட் நல்' என்ற கட்டுப்பாட்டை வைத்தால், ஊர் இல்லாத பதிவைத் தரவுத்தளமே ஏற்க மறுக்கும். ஆனால் ஏற்கெனவே ஏறிய பதிவுகள் அதனால் மாறுவதில்லை. ஒரு பதிவில் உள்ள காரைக்குடி, விண்ணப்பதாரர் எழுதியதா தானாக விழுந்ததா என்று அட்டவணையை மட்டும் பார்த்துப் பிரித்தறியவும் முடியாது. காகித விண்ணப்பங்கள் ஒன்றே அதற்குச் சாட்சி. ஆகவே, இத்தகைய முன்னிருப்பு வைத்திருந்த அலுவலகங்கள், பழைய கட்டுகளை அப்புறப்படுத்துவதற்கு முன் அவற்றோடு ஒவ்வொரு பதிவையும் ஒப்பிட்டுத் திருத்த வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
கணினி ஆசிரியர் ஒருவர்,
காரைக்குடி.