எதிரி எங்கே மாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இளைஞர் பக்கத்தில் ‘நோ மேன்ஸ் ஸ்கை’ என்ற விண்வெளி விளையாட்டைப் பற்றி வந்த இரண்டு வாசகர் கருத்துகளையும் படித்தேன். ஒருவர் சுத்த ஏமாற்று வேலை என்கிறார், இன்னொருவர் இதற்கு ஈடே கிடையாது என்கிறார். இருவருமே விளையாடியவர்கள்தான், எழுத்திலேயே தெரிகிறது. ஆனால் இதை வாங்கினால் முதல் மூன்று மணி நேரம் ஒருவன் என்னதான் செய்துகொண்டிருப்பான் என்பதை இருவரும் சொல்லவில்லை. அது தெரியாததால் எங்கள் வீட்டில் ஒரு பையனின் தீபாவளி அங்பாவ் (உறையில் வைத்துக் கொடுக்கும் அன்பளிப்பு) காசு போயிற்று.

அக்கா மகன், படிவம் மூன்று படிக்கிறான். புக்கிட் பிந்தாங் பக்கம் ஒரு கடையில் “ராக்கெட், துப்பாக்கி எல்லாம் இருக்கு, உனக்குப் பிடிக்கும்” என்று சொல்லிப் பழைய டிஸ்க் ஒன்றைக் கொடுத்துவிட்டார்கள். பொய்யில்லை, ராக்கெட்டும் உண்டு, துப்பாக்கி மாதிரி ஒன்றும் உண்டு, ஆனால் அதை வைத்துப் பெரும்பாலும் பாறையைத்தான் உடைக்க வேண்டும். ஏதோ ஒரு கிரகத்தில் தன்னந்தனியாக நிற்கிறீர்கள், கப்பல் பழுதாகிக் கிடக்கிறது, போட்டிருக்கும் உடுப்பின் காப்பு குறைந்துகொண்டே வருகிறது, அந்தக் காப்பை நிரப்பும் சோடியத்துக்காக மஞ்சள் செடியைத் தேடி ஓட வேண்டும், எடுத்ததையெல்லாம் வைக்கப் பையில் இடம் போதாது. ஒருவழியாகக் கப்பலைச் சரிசெய்தால், ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் கிளம்புவதற்கான எரிபொருளில் கால்வாசி காலி, நாலு தடவை இறங்கி ஏறினால் மறுபடி பொறுக்கப் போக வேண்டியதுதான். நாற்பது நிமிடம் பொறுத்துப் பார்த்தான். “எதிரி எங்கே மாமா?” என்றான். அத்தோடு சரி, கைப்பேசியில் ஆடும் மொபைல் லெஜண்ட்ஸ் சண்டை விளையாட்டுக்குத் திரும்பிவிட்டான்.

எனக்கோ அது பிடித்துப்போய்விட்டது. நான் கோலாலம்பூரில் கார் ஓட்டிப் பிழைப்பவன். காலையிலிருந்து இரவு வரை கைப்பேசி சொல்கிற இடத்துக்குப் போய், கைப்பேசி சொல்கிற ஆளை ஏற்றி, அது சொல்கிற இடத்தில் இறக்குகிறேன். இப்படிப்பட்டவனுக்கு, எங்கே போவது என்று யாரும் சொல்லாத ஒரு வானம் கிடைத்தால் எப்படி இருக்கும்? ஒரு ராத்திரி முழுக்க ஒரே கிரகத்தில் மழையில் நடந்தேன். செம்மண், தூரத்தில் வரிசை பிடித்தாற்போல மரங்கள். முதலில் கண்டுபிடித்தவர் கிரகத்துக்குப் பெயர் வைக்கலாம் என்றது விளையாட்டு. அப்பா பிறந்த தோட்டம் இருந்த ஊரின் பழைய பெயரை, ‘பத்தாங் பெர்ஜுந்தை’ என்று, ஆங்கில எழுத்தில் தட்டி வைத்தேன். இங்கே வரைபடத்தில் அந்த ஊர் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது, தோட்டமும் இல்லை. (அக்கா கேட்டுவிட்டு, உனக்குப் பைத்தியம் முற்றிவிட்டது என்றாள்.)

அந்த விளையாட்டில் இருக்கும் கிரகங்கள் 18-க்குப் பின்னால் 18 சுழியம் போட்டால் வரும் எண்ணிக்கையைவிடவும் அதிகம். இத்தனையையும் யாரும் உட்கார்ந்து வரையவில்லை, டிஸ்க்கிலும் சேமித்து வைக்கவில்லை. ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண், அந்த எண்ணைக் கணக்கில் போட்டால் மலையும் கடலும் விலங்கும் அப்போதைக்கு அப்போது உருவாகும், திரும்பி வந்தாலும் அதே எண், அதே மலை. புள்ளிக் கோலம் மாதிரிதான். பாட்டிக்கு ஆயிரம் கோலம் மனப்பாடம் இல்லை, புள்ளியும் வளைக்கும் விதமும் தெரியும், அவ்வளவுதான். ஆனால் எல்லாம் ஒரே கை போட்ட கோலம். இருபதாவது கிரகத்தைத் தாண்டினால் அந்தக் கையை அடையாளம் கண்டுவிடலாம், ஒரே விலங்குக்குத் தலை மாறியிருக்கும், விண்வெளி நிலையங்கள் அண்ணன் தம்பி போல இருக்கும். சலிக்கிறது என்பவர்கள் சொல்வது முழு உண்மை. எனக்குச் சலிக்கவில்லை என்பதும் உண்மை.

ஏமாற்று என்று எழுதியவரின் கோபம் 2016 ஆகஸ்டில் அது வெளிவந்த கதையிலிருந்து வருகிறது. இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்டில் உள்ள ஹலோ கேம்ஸ் என்ற சிறிய குழு உருவாக்கியது, விலை 60 டாலர், அப்போதைய கணக்கில் டாலருக்கு ஏறக்குறைய நாலு வெள்ளி (ரிங்கிட்). மற்ற ஆட்டக்காரரைச் சந்திக்க முடியும், ஆனால் வாய்ப்பு மிகக் குறைவு என்று தலைவர் ஷான் மரே பேட்டிகளில் சொல்லியிருந்தார். வெளியான முதல் நாட்களிலேயே இரண்டு பேர் ஒரே கிரகத்தில் ஒரே இடத்துக்கு வந்து நின்றார்கள், ஒருவரையொருவர் பார்க்கவே முடியவில்லை. பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு புகார்களை விசாரித்து, விளம்பரம் தவறாக வழிநடத்தவில்லை என்று அந்த நவம்பரில் முடிவு சொன்னது. அந்த முடிவை வைத்துக் கோபப்பட்டவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட முடியாது.

அப்புறம் ஹலோ கேம்ஸ்காரர்கள் ஓடி ஒளியவில்லை, அதையும் சொல்ல வேண்டும். 2018 ஜூலையில் ‘நெக்ஸ்ட்’ என்ற புதுப்பிப்பு வந்தபோது ஆட்டக்காரர்கள் நிஜமாகவே ஒன்றாக விளையாட முடிந்தது. இன்றுவரை வந்த புதுப்பிப்புகள் எதற்கும் ஒரு காசு வாங்கவில்லை. 2024-இல் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் ஆட்டக்காரர்களின் மொத்த மதிப்பீடே மிக நல்ல படிக்கு ஏறிவிட்டது. ஆனால் இதை வைத்து ‘விழுந்து எழுந்த வீரன்’ கதையையே எல்லோரும் திரும்பத் திரும்ப எழுதுவதுதான் எனக்கு எரிச்சல். வீடு கட்டலாம், பெரிய கப்பல் வாங்கலாம், கூட்டமாகப் போகலாம், எல்லாம் சரி, உள்ளே இருக்கும் ஆட்டம் அதேதான், நடப்பது, பார்ப்பது, பொறுக்குவது. 2016-இல் இதற்காகவே வெறுத்தவருக்கு இப்போது மட்டும் எப்படிப் பிடிக்கும்? இன்னொன்று, அரைகுறையாகக் கொண்டுவருகிறவர்களுக்கெல்லாம் இந்தக் கதை ஒரு சாக்காகிவிட்டது, பிறகு சரிசெய்துகொள்ளலாமாம். 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077 என்ற விளையாட்டு அரைகுறையாக வந்த கோலத்தைப் பார்த்து சோனியே தன் கடையிலிருந்து அதை எடுத்துவிட்டது.

ஆகவே உங்கள் விளையாட்டுப் பகுதியில் எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். நட்சத்திரம் போடுவதை விடுங்கள். கையில் என்ன வேலை இருக்கும், எத்தனை நேரம் தனியாக நடக்க வேண்டும், எதிரி உண்டா இல்லையா, இதை இரண்டு வரியில் எழுதுங்கள், காசு கொடுக்கும் பெற்றோருக்கும் உதவும்.

டிஸ்க்கை மருமகனிடமிருந்து அவன் கொடுத்த விலைக்கே நான் வாங்கிக்கொண்டேன், அக்காவுக்கு இன்னும் தெரியாது. என்ன, பிளேஸ்டேஷன் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறது, அதனால் ஞாயிற்றுக்கிழமை இரவுச் சாப்பாடு எனக்கு அங்கேதான்.

இப்படிக்கு,
கார் ஓட்டும் ஒரு வாசகர்,
செந்தூல், கோலாலம்பூர்