நான்காவது மெழுகுவர்த்தி

நூரன்பெர்க், ஜெர்மனி,
21-12-2025

அன்புள்ள மாப்ளே,

நலமா? அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? கார்த்திகை முடிந்ததும் எழுத வேண்டும் என்று நினைத்தேன், வேலையில் தள்ளிப் போய்விட்டது. இன்று ஞாயிறு. மாடி வீட்டுப் பாட்டி எங்களை மேலே கூப்பிட்டு, நான்காவது மெழுகுவர்த்தியை என் மகள் கையால் ஏற்ற வைத்தார். இறங்கி வந்ததும் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

திருவருகைக் காலம் என்று உங்கள் கோயிலில் சொல்வீர்களே, இங்கே அது வீட்டு மேசைக்கே வந்துவிடுகிறது. ஊசியிலைக் கிளைகளை வளையமாகக் கட்டி அதில் நாலு மெழுகுவர்த்தி, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு ஞாயிறும் வாரத்துக்கு ஒன்று கூட்டி ஏற்றுகிறார்கள். சாயங்காலம் நாலேகாலுக்கே சூரியன் போய், மறுநாள் எட்டு மணிக்குத்தான் திரும்பி வருகிற ஊரில் அந்த ஒரு சுடருக்கு எவ்வளவு மதிப்பு என்று இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன். 1839-இல் ஹாம்பர்க்கில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய விஹெர்ன் என்பவர், கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று பிள்ளைகள் ஓயாமல் கேட்டதால், ஒரு வண்டிச் சக்கரத்தில் வார நாட்களுக்குச் சின்னதாக 20, ஞாயிறுகளுக்குப் பெரிதாக 4 என்று மெழுகுவர்த்திகளை வைத்து நாளுக்கு ஒன்றாக ஏற்றிக் காட்டினாராம். அதிலிருந்து வந்ததுதான் இந்த வளையம்.

பாட்டி இதைச் சொன்னதும் நான் எங்கள் நகரத்தார் வீடுகளின் பிள்ளையார் நோன்பைச் சொன்னேன். கார்த்திகையிலிருந்து 21 நாள் எண்ணி, புது வேட்டியிலிருந்து 21 நூல் எடுத்துத் திரித்து, இழை மாவு என்கிற இனிப்பு மாவு உருண்டையில் செருகி ஏற்றி, எரிகிற சுடரோடு வாயில் போட்டுக்கொள்வோம் என்றேன். பாட்டி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நினைவிருக்கிறதா, நாலாம் வகுப்பில் எங்கள் வளவில் நின்று முதல்முறை பார்த்துவிட்டு, "சுடாதா ஐயா?" என்று எங்கள் ஐயாவிடம் கேட்டாயே, அதே முகம். கப்பலில் போன முன்னோர்கள் புயலில் சிக்கி, நாளுக்கு ஒரு நூலாக வேட்டியிலிருந்து எடுத்து வைத்து நாள் எண்ணினார்கள் என்று ஐயா அன்றைக்கு உனக்குக் கதை சொன்னார். பர்மாவில் மூன்று வருஷக் கணக்குக்குப் போய் வந்தவர் அவர். இந்தக் கதையைச் சொல்லும்போது அவர் குரல் ஏன் அப்படி இறங்கும் என்று இப்போதுதான் புரிகிறது.

அப்புறம், இங்கத்துச் சந்தை. ஊர் நடுவில், மாதா கோயில் வாசலிலேயே மரக்கடைகள் போட்டு 24-ஆம் தேதி வரை நடக்கிறது. அங்கே லெப்கூகன் என்று ஒரு பலகாரம், கேக்குக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவில் இருக்கும். வாயில் போட்டதும் ஆத்தாவின் அடுப்படிக்கே போய்விட்டேன் மாப்ளே. பட்டை, கிராம்பு, ஏலம், அன்னாசிப்பூ! நாம் கறிக்கு வறுத்து அரைப்பதை இவர்கள் இனிப்பில் போடுகிறார்கள். பழைய காலத்தில் மசாலா வியாபாரம் இந்த ஊர் வழியாக நடந்ததால்தான் இந்தப் பலகாரம் இங்கே பேர் வாங்கியது. அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய வெள்ளைத் தட்டு, நீங்கள் வாங்கும் நற்கருணை அப்பம் மாதிரியே இருக்கும். உனக்கு இரண்டு டப்பா எடுத்து வைத்திருக்கிறேன்.

ஆனால் 24-ஆம் தேதி மதியத்துக்கு மேல்தான் மனசு தாங்காது. இரண்டு மணிக்கெல்லாம் கடைகள் அடைத்துவிடும், தெருவில் ஆள் இருக்காது, எல்லோரும் அவரவர் வீட்டுக்குள். நான் வந்த முதல் வருஷம் தனியாக இருந்தேன். அன்று சாயங்காலம் ஆற்றுப்பாலத்தில் நடந்தபோது ஒவ்வொரு ஜன்னலிலும் விளக்கு எரிந்தது, கதவு ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை. நம் ஊரில் அன்றைக்கு உங்கள் வீட்டுக் கதவை யாராவது சாத்திப் பார்த்திருக்கிறோமா? மூங்கில் சிம்பு ஒடித்து நட்சத்திரம் கட்டுவோம், குடிலுக்குத் தட்டில் கேழ்வரகு விதைத்து முளைத்துவிட்டதா என்று தினமும் போய்ப் பார்ப்போம். உன் அம்மா அனுப்பும் அதிரசத் தட்டை வெறுமனே திருப்பக் கூடாது என்று ஆத்தா நோன்புக்குச் சுட்ட கருப்பட்டிப் பணியாரத்தை அடுக்கிக் கொடுப்பார்கள். நான் ஓடிவந்து கொடுப்பேன்.

இந்த வருஷம் நோன்பும் கிறிஸ்துமஸை ஒட்டியே வருகிறது. மாடிப் பாட்டியும் இழை எடுத்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார், பிள்ளைகள் தூரத்தில் இருக்கிறார்களாம். ஆத்தா அனுப்பிய புது வேட்டி பெட்டியில் இருக்கிறது. நோன்புக்கு வேண்டிய ஆவாரம்பூ மட்டும் எங்கே தேடியும் இல்லை.

சரி, ஒரே ஒரு வேண்டுகோள். 24-ஆம் தேதி இரவு நீ பதினொன்றரைக்குப் பூசைக்குப் போகும்போது இங்கே மணி ஏழு. கோயில் வாசலில் நின்று ஒரு போன் போடு. நீ பேச வேண்டாம், பாட்டும் மணிச் சத்தமும் கேட்டால் போதும். மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக் காத்திருப்பேன்.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்