சாய்னட்சலோ மாதிரிக்குக் கை கொடுத்தவர்களுக்கு

நூலகத்தில் வைத்த கட்டட மாதிரியைப் பார்த்துவிட்டு எல்லோரும் என்னைப் பாராட்டுகிறீர்கள், சந்தோஷம்தான், ஆனால் அதில் பாதிக்கு மேல் மற்றவர்கள் கைவேலை என்பதால் இந்த மடல்.

பார்க்க வராதவர்களுக்கு ஒரு வார்த்தை. பின்லாந்தில் ஏரித் தீவு ஒன்றில் இருக்கும் ஊர் சாய்னட்சலோ. ஒட்டுப்பலகை ஆலையை நம்பி வாழ்ந்த சுமார் 3,000 பேர், நம் கணக்கில் பேரூராட்சிக்கே தேறாது. அந்த ஊருக்கு ஊராட்சி அலுவலகம் கட்ட நடந்த போட்டியில் 1949இல் வென்றவர் பின்லாந்துக் கட்டடக் கலைஞர் அல்வார் ஆல்ட்டோ. 1952இல் கட்டி முடித்தார்கள். ஊர் மன்றம் கூடும் அறை, அலுவலகங்கள், நூலகம், சில குடியிருப்புகள், கீழே கடைகள், எல்லாம் ஒரே முற்றத்தைச் சுற்றி. அஸ்திவாரத்துக்குத் தோண்டிய மண்ணை வெளியே கொட்டாமல் நடுவிலேயே நிரப்பி முற்றத்தை ஒரு மாடி உயரத்துக்கு ஏற்றிவிட்டார்கள். ஏறிப்போக ஒரு பக்கம் கல் படி, மறுபக்கம் மரப்பலகை தடுத்து நிறுத்திய புல் படி.

முதல் நன்றி மேஸ்திரி அண்ணனுக்கு. படங்களில் செங்கல் சுவர் கொஞ்சம் ஒழுங்கில்லாமல் தெரிந்தது, நான் புகைப்படக் கோளாறு என்று விட்டிருப்பேன். அவர்தான் போனைப் பெரிதாக்கிப் பார்த்து, "இது வேணும்னே செஞ்சது தம்பி, ஒவ்வொரு கல்லும் இம்மி உள்ள, இம்மி வெளிய, வெயில் சாஞ்சு விழுந்தா நிழல் பிடிக்கும்" என்றார். அப்புறம் படித்தால் ஆல்ட்டோ சொல்லிச் செய்யவைத்தது அதுவேதான். நூல் பிடித்துக் கட்டுவதே தொழிலாக இருப்பவரிடம் நூலை விட்டுக் கட்டச் சொன்னால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள். மாதிரிக்கான குட்டிச் செங்கல்களை அவரும் அவர் மகளும் உட்கார்ந்து அறுத்துக் கொடுத்தார்கள். பூச்சும் பெயிண்டும் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றவரும் அவரே.

அடுத்து ஆசாரி ஐயா. மன்ற அறையின் கூரையைத் தாங்குவது இரண்டே டிரஸ், அதாவது மரச்சட்டத் தாங்கி. கீழே ஒரு புள்ளியிலிருந்து மரக்கட்டைகள் விசிறி விரித்த மாதிரி மேலே போய்க் கைமரங்களைப் பிடித்துக்கொள்ளும். வண்ணத்துப்பூச்சி டிரஸ் என்கிறார்கள். நான் வரைந்து கொடுத்ததை ஐயா ஓரமாக வைத்துவிட்டுத் தன் போக்கில் தேக்குத் துண்டில் செய்தார், முதல் தடவையே நின்றது. இடையில் வேறு டிரஸ்கள் தேவைப்படாது, கூரைக்கும் உள்கூரைக்கும் நடுவே காற்றும் ஓடும் என்று அவர் விளக்கிய பிறகுதான் எனக்கே சரியாகப் புரிந்தது.

சாய்னட்சலோவுக்குப் பக்கத்து நகரமான யுவஸ்கிலாவில் படிக்கும் தங்கைக்கும் நன்றி. பனியில் பஸ் பிடித்துப் போய், நான் கேட்ட மூலைகளையெல்லாம் படம் எடுத்து அனுப்பினாள். அந்த ஊர் 1993இல் யுவஸ்கிலாவோடு சேர்ந்துவிட்டதால் அந்த அறையில் கூடுவதற்கு இனி உள்ளூர் மன்றம் கிடையாது. கட்டியபோது, ஊர் வளர்ந்தால் கீழ்க்கடைகளையும் அலுவலகமாக்கிக்கொள்ளலாம் என்று திட்டம் போட்டிருந்தார்கள், பாவம்.

பார்க்க வந்த கவுன்சிலர் அக்கா கேட்ட கேள்விக்கும் நன்றி: இத்தனை சின்ன ஊருக்கு இவ்வளவு உயரமான மன்றம் எதற்கு? அங்கேயும் அதையே கேட்டார்களாம். இத்தாலியின் சியன்னா நகர மன்றம் 16.5 மீட்டர், அதனால் நம்முடையது 17 என்று ஆல்ட்டோ பதில் சொன்னதாகச் சொல்வார்கள். எனக்கு அந்தத் திமிர் பிடித்திருக்கிறது. ஆலைத் தொழிலாளி உட்கார்ந்து பேசும் இடம் ஏன் தணிந்திருக்க வேண்டும்?

நூலகர் அம்மா மாதிரியை மாடியிலேயே வைத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார். பள்ளிகளுக்கு வேண்டுமென்றால் அவரிடம் கேளுங்கள், எடுத்துப் போகலாம். கூரையை மட்டும் ஆசாரி ஐயா இல்லாமல் கழற்ற வேண்டாம், அது அவர் போட்ட நிபந்தனை.