மாமாவுக்கு, பச்சை மீன் தின்ற விவரம்

அன்புள்ள மாமா,

ஒசாகாவிலிருந்து எழுதுகிறேன். கிளம்பும்போது, "அங்கே போய்ப் பச்சை மீனைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்காதே" என்றீர்கள். தின்றுவிட்டேன். பதினொரு தட்டு. வயிறு நன்றாகவே இருக்கிறது.

நேற்று சாயங்காலம், தோத்தோன்போரி கால்வாய்ப் பக்கம் ஒரு சுழல் சுஷிக் கடை. சுஷி என்றால் ஒரு பிடி சோற்றின் மேல் மீன் துண்டு. தட்டுகள் பெல்ட்டில் ஊர்ந்து வரும், பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். இந்த ஏற்பாடு பிறந்ததே இந்த ஊர்ப்பக்கம்தான். ஷிராயிஷி யோஷியாகி என்பவர் கடையில் பரிமாற ஆள் போதாமல் தவித்திருக்கிறார். பீர் தொழிற்சாலையில் பாட்டில்கள் பெல்ட்டில் நகர்வதைப் பார்த்ததும் யோசனை வந்துவிட்டது. 1958இல் பக்கத்து ஹிகாஷி ஒசாகாவில் முதல் கடை.

வந்த மீன்கள் எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவைதான்: சூரை, கணவாய், மத்தி, நம் கானாங்கெளுத்தியின் பங்காளி ஒன்று. அதை மட்டும் முழுப் பச்சையாகத் தருவதில்லை. உப்பில் போட்டு, அப்புறம் வினிகரில் ஊறவைக்கிறார்கள். எனக்கு அதுதான் பிடித்தது. லேசான புளிப்பு, தோலில் அந்த வெள்ளிப் பளபளப்பு அப்படியே.

ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள். சூரையில் பெரும்பாலானது ஐஸ் மீன்! கப்பலிலேயே மைனஸ் 60 டிகிரியில் உறையவைத்து விடுகிறார்களாம். "ஐஸ் வைத்தது மீனே இல்லை" என்று காசிமேட்டில் செவுளைத் தூக்கிப் பார்த்துச் சண்டை போடுகிறவர் நீங்கள். இங்கே என்ன செய்வீர்களோ.

முதல் துண்டைச் சோற்றோடு சோயாவில் முக்கினேன். கரைந்து கிண்ணத்திலேயே விழுந்துவிட்டது. பக்கத்து இருக்கைத் தாத்தா சிரிக்கவில்லை. தன்னுடையதைக் கையால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, விரலால் தூக்கி, மீன் ஓரம் மட்டும் நனைகிற மாதிரி தொட்டுக் காட்டினார். கையால் சாப்பிடலாம் என்று தெரிந்ததும் குச்சிகளை ஓரம் வைத்துவிட்டேன். அந்தச் சோறு இருக்கிறதே, மாமா, அதில்தான் சூட்சுமம். வினிகர், உப்பு, சர்க்கரை கலந்து, கை வெதுவெதுப்பில் இருக்கிறது. வாயில் போட்டதும் பருக்கை பருக்கையாகப் பிரிகிறது.

காசு கொடுத்துவிட்டு வெளியே வந்தால் கால்வாய்த் தண்ணீர் முழுக்க விளம்பர வெளிச்சம். கையைத் தூக்கி ஓடுகிற அந்த கிளிகோ மிட்டாய்க் கம்பெனி விளம்பர ஆள் 1935இல் ஓடத் தொடங்கியவர், பலகைதான் மாறிக்கொண்டே வருகிறது. கூட்டம் தாங்கவில்லை. இரண்டு தெரு உள்ளே நடந்தால் ஹோசென்ஜி சந்து. கல் பாவிய தரை, காகித விளக்குகள், சட்டென்று அமைதி.

அங்கே ஒரு சாமி. வருகிறவர்கள் எல்லாம் அகப்பையில் தண்ணீர் மொண்டு ஊற்றி ஊற்றி, முகம் தெரியாமல் உடம்பு முழுக்கப் பாசி. பெயர் ஃபுதோ மியோஓ. நம் பக்கத்து 'அசலர்' தான், அசையாதவர் என்று பொருள். பௌத்தத்தோடு இங்கே வந்து சேர்ந்தவர். சோயா வாசம் போகாத கையோடு நானும் ஓர் அகப்பை ஊற்றினேன். அத்தை கேட்டால் கை கழுவினேன் என்று சொல்லுங்கள்.

அடுத்த வாரம் வந்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை கானாங்கெளுத்தி வாங்கினால் எனக்கும் சேர்த்து வாங்குங்கள். குழம்புக்குத்தான்.

அன்புடன்,
உங்கள் மருமகன்